செட்ஜ்விக் என்ற பழைய அமெரிக்க வக்கீல்: தேதிகளைத் தாண்டி என்ன எழுதலாம்?

நெல்லை சட்ட மாணவி

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறேன், சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி பக்கம். அமெரிக்கா தனிநாடான காலத்தில் வக்கீலாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த ஒருவரைப் பற்றி வகுப்பில் ஆளுக்கு ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். ஜெஃபர்சன், ஆடம்ஸ், ஹாமில்டன் எல்லோரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் பங்குக்கு வந்தவர் தியடோர் செட்ஜ்விக்.

தேடிப் பார்த்தேன். எந்த வருஷம் எந்தப் பதவியில் இருந்தார் என்ற பட்டியல்தான் எங்கும் கிடைக்கிறது. அதை அப்படியே வாசித்தால் முன்வரிசையே தூங்கிவிடும். படிப்பு முடிந்ததும் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் தொழில் செய்யப் போகிறவள் நான். என்னைப் போன்றவள் இந்த மனிதரிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வக்கீல்

செட்ஜ்விக் உனக்குக் கிடைத்தது நல்லதாப் போச்சும்மா. மற்றவர்கள் எடுத்திருப்பதெல்லாம் பெரிய சிலைகள். இவர் நம்மைப் போல மாவட்டக் கோர்ட்டில் வக்காலத்து போட்டு நின்ற ஆள்.

1746-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். யேல் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். அப்போது அங்கே சட்டக் கல்லூரி என்று ஒன்று கிடையாது. ஒரு சீனியரிடம் சேர்ந்து, அவருடைய புத்தகங்களைப் படித்து, அவருடைய பத்திரங்களை நகலெடுத்துக் கற்றுக்கொள்வதுதான் வழி. மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில், மலையும் பண்ணையுமாக இருக்கும் பெர்க்‌ஷயர் மாவட்டத்தில், கிரேட் பாரிங்டன் என்ற சின்ன ஊரில் மார்க் ஹாப்கின்ஸ் என்பவரிடம் அப்படிப் படித்தார். 1766 ஏப்ரலில் வக்கீலாகப் பதிவு செய்தபோது இருபது வயது நிறையவில்லை. அப்புறம் பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் தொழில். சுதந்திரப் போர் வந்ததும் 1776-ல் ஜெனரல் ஜான் தாமஸின் செயலாளராகக் கனடா படையெடுப்பில் போனார். ஊர் திரும்பி மாநிலச் சட்டசபைக்குப் போனார். பதவிகளை இத்தோடு விட்டுவிடுகிறேன், மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்.

நீ கட்டுரையை நிறுத்த வேண்டிய இடம் 1781. பிராம், பெட் எதிர் ஆஷ்லி என்ற வழக்கு.

ஜான் ஆஷ்லி அந்த வட்டாரத்தின் பெரிய நிலக்காரர். அவரும் சட்டம் படித்தவர், மாவட்ட சிவில் கோர்ட்டில் நீதிபதியாகவே இருந்தவர். செட்ஜ்விக்குக்குப் பகையாளியும் இல்லை. 1773 ஜனவரியில் ஆஷ்லி வீட்டு மாடியில்தான் ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஆங்கிலேய அரசுக்கு எதிராக ஷெஃபீல்டு தீர்மானங்களை உருவாக்கினார்கள். மனிதர்கள் இயற்கையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்பது அதன் முதல் தீர்மானம். எழுதிய கை செட்ஜ்விக்குடையது என்பார்கள். அதே வீட்டில் அடிமையாக வேலை செய்தவர் மம் பெட்.

ஆஷ்லியின் மனைவி ஒருநாள் கோபத்தில், அடுப்பில் பழுக்கக் காய்ந்த கரண்டியை ஓங்கிக்கொண்டு பெட்டின் தங்கையை அடிக்கப் போனார். பெட் குறுக்கே கையை நீட்டினார், அடி எலும்புவரை இறங்கியது. அந்தப் புண்ணை அவர் மூடவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எஜமானி முன்னிலையில் "கையில் என்ன?" என்று கேட்டால், "அம்மாவைக் கேளுங்கள்" என்று மட்டும் பதில் சொல்வாராம். செட்ஜ்விக்கின் மகள் கேதரின் பிற்காலத்தில் எழுத்தாளரானவர். இதையெல்லாம் பெட்டின் வாயாலேயே கேட்டு எழுதி வைத்தது அவர்தான்.

பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருந்தது. 'எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள்' என்று முதல் பிரிவிலேயே சொல்லும் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டம் 1780-ல் நடைமுறைக்கு வந்தது. எழுதியவர் ஜான் ஆடம்ஸ். இப்படி ஒரு பேச்சு ஊரில் சத்தமாக வாசிக்கப்படுவதைக் கேட்ட பெட், நேராக செட்ஜ்விக்கிடம் நடந்தார். நானும் ஒரு மனுஷி, வாயில்லாத பிராணி இல்லை, சட்டம் எனக்கு விடுதலை தராதா என்று கேட்டார். வக்கீலுக்கு இதைவிடத் தெளிவாகக் கட்சிக்காரர் குறிப்பு கொடுக்க முடியாது.

இனி நீ கவனிக்க வேண்டியது அவர் வழக்கைத் தொடுத்த விதம். நான் பாளையங்கோட்டையில் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், என் சீனியர் என்னை வாய் திறக்க விடமாட்டார். பிராதைப் படி, எதிருரையைப் படி, குமாஸ்தாவோடு போய் நம்பர் ஆகிவிட்டதா என்று பார்த்து வா, இதுதான் வேலை. எந்தப் பரிகாரம் கேட்டுப் பிராது போடுகிறோமோ அதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது என்பது அவர் சொல்லிக்கொண்டே இருந்த பாடம். செட்ஜ்விக்கின் வழக்கைப் படித்தபோது அவர் சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது.

செட்ஜ்விக் கேட்ட பரிகாரம் ரெப்ளெவின். ஒருவருடைய மாட்டையோ வண்டியையோ இன்னொருவர் உரிமையில்லாமல் பிடித்து வைத்திருந்தால், அதை மீட்டுக் கொடுக்கச் சொல்லும் பழைய ஆங்கிலேய உத்தரவு அது. மாட்டை மீட்கும் வழியிலா மனுஷியை மீட்பது என்று முதலில் வயிறு எரியும். ஆனால் அது என்ன செய்கிறது பார். நம்ம ஊர் அமீனா மாதிரி அங்கே ஷெரிப் உத்தரவோடு போய் ஆஷ்லியிடம் ஆட்களை விடு என்கிறார். விடமாட்டேன், இவர்கள் ஆயுள் முழுக்க என் வேலைக்காரர்கள் என்று ஆஷ்லி சொல்லியே ஆக வேண்டும். சொன்ன அந்த நிமிஷமே வழக்கில் மிச்சம் இருப்பது ஒரே கேள்விதான்: இவர்கள் உன் சொத்தா, இல்லையா? அடித்தார்களா, சோறு போட்டார்களா, நல்ல எஜமானா, கெட்ட எஜமானா என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமே கிடையாது. இரக்கம் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் ஆஷ்லி கொஞ்சம் நல்லவராக நடந்துகொள்கிறேன் என்று சொல்லிப் போயிருப்பார். செட்ஜ்விக் அந்தக் கதவையே திறக்கவில்லை.

பெண் ஒருத்தி பெயரில் மட்டும் போட்டால் வழக்கு நிற்குமா என்ற ஐயத்தால்தான், ஆஷ்லியிடம் இருந்த பிராம் என்ற ஆணையும் வாதியாகச் சேர்த்தார்கள் என்று சொல்வதுண்டு. துணைக்கு வந்த வக்கீல் டாப்பிங் ரீவ், லிட்ச்ஃபீல்டில் புகழ்பெற்ற சட்டப் பள்ளியை நடத்தியவர். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டனில் உள்ளூர் ஜூரி முன்னால் விசாரணை நடந்தது. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு வந்த பிறகு இந்த மாநிலத்தில் மனிதன் மனிதனுக்குச் சொத்தாக இருக்க முடியாது என்பது வாதம். அந்தப் பிரிவில் அடிமை என்ற பேச்சே இல்லை என்பதை நினைவில் வை. ஜூரி இருவருக்கும் விடுதலை கொடுத்தது, 30 ஷில்லிங் நஷ்டஈடும் செலவுத் தொகையும் ஆஷ்லி தரவேண்டும் என்றது. ஆஷ்லி மேல்முறையீடு போட்டார், பிறகு அவரே கைவிட்டார். சம்பளத்துக்கு என் வீட்டுக்கே வந்துவிடு என்று பெட்டைக் கேட்டும் பார்த்தார். பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

அம்பாசமுத்திரத்தில் இதனால் என்ன பயன் என்றாயே, எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். நம்ம பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றில் முன்பணம் வாங்கிய குடும்பம் ஒன்று வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. பொங்கலுக்குக்கூட ஊருக்கு விடவில்லை. அவர்களுக்காக நான் மனு எழுதியபோது, கூலி குறைவு, அடி, உதை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதத்தான் கை போனது. பிறகு அதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, முதல் பத்தியில் ஒன்றே ஒன்றை வைத்தேன்: கொடுத்த கடனுக்காக இந்த ஆட்கள் இந்த இடத்தைவிட்டுப் போக முடியாமல் இருக்கிறார்கள். 1976-ம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில், கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவன் தலையில்தான் இருக்கிறது. 15-வது பிரிவைப் பார். முன்பணம் கொடுத்தோம், நம்ம ஆட்கள்தானே என்று சூளைக்காரர் தரப்பு தானாகவே சொன்னது. விடுதலைச் சான்று கைக்கு வந்தது.

களக்காடு ஓய்வு ஆசிரியர்

அண்ணாச்சி, வழக்கை அழகாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் பிள்ளை பாதிப் படத்தோடு மேடை ஏறக் கூடாது. வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் இரண்டு விஷயம் வைக்கிறேன்.

முதலாவது, செட்ஜ்விக்கே அடிமை வாங்கியவர். 1777-ல் டன் என்ற பெண்ணை அவர் விலைக்கு வாங்கிய பத்திரம் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. ஷெஃபீல்டு தீர்மானத்தில் மனித சமத்துவத்தை எழுதி நான்கு வருஷம் கழித்து அந்தப் பத்திரம், அதற்கு நான்கு வருஷம் கழித்துப் பெட்டின் வழக்கு.

இரண்டாவது, ஒரு கோர்ட் தீர்ப்பால் அடிமைமுறை மறுநாளே ஒழிந்தது என்று எழுதிவிடாதே பாப்பா. கிரேட் பாரிங்டன் தீர்ப்பு ஒரு கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு. 1783-ல், அடிமையாக வைக்கப்பட்டிருந்த க்வாக் வாக்கரை அடித்த எஜமான் மீதான குற்ற வழக்கில், அடிமைமுறை நம்முடைய அரசியல் சட்டத்தோடு ஒத்துப்போகாது என்று மாநிலத் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் ஜூரிக்குச் சொன்ன பிறகுதான் விஷயம் பலப்பட்டது. 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமை எண்ணிக்கை பூஜ்யம். ஒழிப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று இயற்றப்படவே இல்லை. கோர்ட் துணைக்கு வராது என்றானதும் எஜமானுக்கு ஆள்மீது இருந்த உரிமை செத்தது.

நம்ம நாட்டிலும் அதே வழிதான் நடந்தது. 1843-ம் வருஷத்து ஐந்தாம் சட்டம் அடிமைகளை விடுதலை செய்கிறோம் என்று சொல்லவில்லை. ஆள்மீது சொத்துரிமை கொண்டாடி வந்தால் கோர்ட் ஏற்காது என்பதுதான் அதில் முக்கியம். ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றானது பிறகு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில். நிலத்தோடு ஆளையும் சேர்த்து எழுதிக்கொடுத்த ஓலைகள் தமிழ்நாட்டில் கிடைத்திருக்கின்றன. அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள் என்ற பெயரில் அது எத்தனை காலம் தொடர்ந்தது என்று தாமிரபரணிக் கரை வயல் ஊர்களில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதையும் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்.

கடையம் விவசாயி மகன்

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இவர் கடன்பட்ட விவசாயிகளுக்கு எதிராக நின்றவர் என்று எங்கேயோ படித்தேன். ஒரு அடிமைப் பெண்ணுக்காக வாதாடியவர் ஏன் அப்படிச் செய்தார்?

பாளை வக்கீல்

ஆசிரியர் சொன்ன 1777 பத்திரத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால் எதிர்த்தரப்பு எழுந்து ஒரே கேள்வியில் கட்டுரையைக் கவிழ்த்துவிடும். நாமே முதலில் வைத்துவிட வேண்டும்.

அதோடு 1810-ஐயும் வை. 1802 முதல் சாகும்வரை செட்ஜ்விக் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி. ஆப்பிரிக்கக் கரையில் நடந்த அடிமை வியாபாரத்தில் வரவேண்டிய பாக்கியைக் கேட்டு கிரீன்வுட் எதிர் கர்டிஸ் என்ற வழக்கு வந்தது. ஒப்பந்தம் செய்த இடத்தில் அது சட்டப்படி செல்லும், ஆகவே இங்கேயும் செல்லும் என்று தலைமை நீதிபதி பார்சன்ஸ் தரப்பு தீர்ப்பு எழுதியது. செட்ஜ்விக் மாறுபட்டார். மனிதர்களை விற்பதற்கான ஒப்பந்தத்துக்கு இந்தக் கோர்ட் கை கொடுக்கக் கூடாது என்பது அவர் நிலை. தோற்ற பக்கத்தில் தனியாக நின்று எழுதினார். 1777, 1781, 1810 மூன்றையும் வரிசையாகப் படித்தால் அந்த மனிதர் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தார் என்பது தெரியும். என் அபிப்பிராயத்தில் அவரை அங்கே நகர்த்தியது எலிசபெத் ஃப்ரீமன்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் எதிரே நடமாடிய ஆளைப் பார்த்துக்கொண்டே, மனிதரை விற்கலாம் என்று யாரால் எழுத முடியும்?

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. போர் முடிந்ததும் மேற்கு மாசசூசெட்ஸ் விவசாயிகள் வரியிலும் கடனிலும் நசுங்கினார்கள். கடன் கட்டாதவனுக்கு ஜப்தி, அதற்கும் ஒன்றும் இல்லை என்றால் சிறை. 1786-ல் கூட்டமாகப் போய்க் கோர்ட்டுகளையே நடக்கவிடாமல் செய்தார்கள், கிரேட் பாரிங்டன் கோர்ட் உட்பட. டேனியல் ஷேஸ் பெயரில் இன்று சொல்லப்படும் கலகம் இது. செட்ஜ்விக் கடுமையாக எதிர்த்தார். அவரைப் பொறுத்தவரை கோர்ட் நடக்காத நாட்டில் பெட்டுக்கும் விடுதலை கிடையாது, யாருக்கும் எதுவும் கிடையாது. அதோடு அவருக்குச் சொத்துள்ளவர்கள்தான் நாட்டை நடத்த வேண்டும் என்ற எண்ணமும் ஆழமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஜப்திக்கு வந்த ஜீப்பைப் பார்த்து வயலிலேயே உட்கார்ந்துவிட்ட கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் என் மனசு விவசாயிகள் பக்கம்தான்.

1787 பிப்ரவரியில் கலகக்காரர்கள், செட்ஜ்விக் குடும்பம் அப்போது குடியிருந்த ஸ்டாக்பிரிட்ஜுக்குள் புகுந்தபோது அவர் வீட்டில் இல்லை. எலிசபெத் ஃப்ரீமன் குடும்பத்து வெள்ளிச் சாமான்களைத் தன்னுடைய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வந்தவர்கள் அந்தப் பெட்டியையும் திறக்கச் சொன்னார்கள். ஏழை வேலைக்காரியின் பெட்டியையா உடைக்கப் போகிறீர்கள் என்று அவர்களை வெட்கப்படவைத்துத் திருப்பி அனுப்பினார்.

நெல்லை சட்ட மாணவி

சார், ஆசிரியர் ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியலில் பார்த்ததைவிட முற்றிலும் வேறு மனிதர் தெரிகிறார். ஒரு சந்தேகம். தலைப்பில் சட்டமன்ற உறுப்பினர் என்று இருக்கிறது. பேராசிரியர் நாடாளுமன்றப் பணியைக் கேட்பார். அதில் எதை எடுப்பது, எதை விடுவது? எலிசபெத் ஃப்ரீமனின் பிற்காலம் பற்றியும் சொல்ல முடியுமா? வழக்கோடு நிறுத்த மனசு வரவில்லை.

பாளை வக்கீல்

நாடாளுமன்றப் பணிக்கு ஒரு பக்கம் போதும்மா. 1789-ல் முதல் காங்கிரஸிலேயே பிரதிநிதிகள் சபைக்குப் போனார், 1796-ல் செனட்டுக்கு, மறுபடி சபைக்கு வந்து 1799 டிசம்பர் முதல் 1801 மார்ச் வரை சபாநாயகர். ஹாமில்டன் கட்சி, ஜெஃபர்சனுக்கு எதிரி. மற்றதெல்லாம் குழு, தீர்மானம், வாக்கெடுப்பு என்று ஓடும், அதை விட்டுவிடு.

சபாநாயகர் நாற்காலியில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல். 1800 ஜனாதிபதி தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் ஆரோன் பர்ருக்கும் சம ஓட்டு விழுந்து, முடிவு பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, மொத்தம் 16 மாநிலம், ஜெயிக்க 9 வேண்டும். 1801 பிப்ரவரி 11-ல் தொடங்கி ஒரு வாரமாக இழுத்து, 36-வது சுற்றில், 17-ம் தேதி 10 மாநிலங்களோடு ஜெஃபர்சன் ஜெயித்தார். மாசசூசெட்ஸ் கடைசிவரை பர்ருக்குத்தான் போட்டது. தான் வெறுத்த ஆளின் வெற்றியைச் சபாநாயகராக செட்ஜ்விக் அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவித்தார். ஆட்சி கைமாறியது, அவர் ஊருக்குத் திரும்பினார். சபை நடவடிக்கைகளை எழுதிய பத்திரிகையாசிரியர் ஒருவரை அதே காலத்தில் அவையைவிட்டு விலக்கிவைத்தார். அது அவருக்குப் பெருமை சேர்க்காது, அதையும் ஒரு வரி எழுது.

வீட்டுக் கதையிலும் ஒரு பாரம் உண்டு. முதல் மனைவி அம்மை நோயில் இறந்தார். இரண்டாவது மனைவி பமேலா பல வருஷம் மனநோயால் துன்பப்பட்டார். கணவர் காங்கிரஸில் இருந்த மாதங்களில் அந்த வீட்டையும் குழந்தைகளையும் தாங்கியவர் எலிசபெத் ஃப்ரீமன். பிரசவம் பார்ப்பார், நோயாளிகளைப் பார்ப்பார். சேர்த்த பணத்தில் ஸ்டாக்பிரிட்ஜில் சொந்தமாக வீடு வாங்கினார். 1811-ல் செட்ஜ்விக் மருமகள் சூசன் தந்தத் தகட்டில் வரைந்த சின்ன ஓவியம் இருக்கிறது. நீல உடை, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் தங்கமணி மாலை. நேராக நம் கண்ணைப் பார்க்கிறார். கட்டுரைக்குப் படம் போட்டால் செட்ஜ்விக் படத்துக்குப் பக்கத்திலேயே அதையும் போடு.

செட்ஜ்விக் 1813 ஜனவரியில் பாஸ்டனில் இறந்தார், எலிசபெத் ஃப்ரீமன் 1829 டிசம்பரில். ஸ்டாக்பிரிட்ஜில் அந்தக் குடும்பத்துக் கல்லறைகள் வட்டமாக இருக்கின்றன, அந்த உள்வட்டத்தில் குடும்பத்தில் பிறக்காதவராக அவரும் இருக்கிறார். 2022 ஆகஸ்டில் ஷெஃபீல்டில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

களக்காடு ஓய்வு ஆசிரியர்

நல்லது அண்ணாச்சி. பாப்பா, கேள்வி நேரத்தில் யாராவது "அரசியல் சட்டத்தில் அடிமை என்ற வார்த்தையே இல்லாதபோது கோர்ட் எப்படி விடுதலை கொடுத்தது?" என்று கேட்பார்கள். நம்முடைய 21-வது பிரிவில் கௌரவமாக வாழும் உரிமை என்று எழுதியிருக்கிறதா என்று திருப்பிக் கேள். இல்லை. உச்ச நீதிமன்றம் அதை அந்தப் பிரிவுக்குள் படித்தது. கொத்தடிமைகள் பற்றிய 1984 பந்துவா முக்தி மோர்ச்சா தீர்ப்பை ஒருமுறை வாசித்துவிட்டுப் போ, பதில் கையில் இருக்கும்.

நெல்லை சட்ட மாணவி

அந்தத் தீர்ப்பை நாளையே நூலகத்தில் எடுத்துவிடுகிறேன் ஐயா. கட்டுரையை ரெப்ளெவின் உத்தரவோடு ஷெரிப் ஆஷ்லி வீட்டு வாசலில் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கப் போகிறேன். 1777 பத்திரம் இரண்டாவது பக்கத்திலேயே வந்துவிடும். எழுதியதும் இங்கே போடுகிறேன் சார், நீங்கள் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்து குறுக்கு விசாரணை செய்யுங்கள்.